ஏலக்காரர் நிறுத்தற எடம்

இந்தப் பைய மேல வைக்க வேண்டாமுங்க, என்ற மடியிலயே இருக்கட்டும். பஸ்ஸு குலுக்கல்ல நசுங்கீரும். மாத்திரைங்க. எனக்கில்ல, எனக்கு ஒரு கேடும் இல்ல, கல்லாட்ட இருக்கறன். இது சத்தியமங்கலத்துல ஒருத்தருக்கு. ரெண்டு மாசமா அவரு மாத்திரை வாங்கறதில்லீங்க. முழுங்காம விட்டா ஒரு நாளைக்கு நின்ன எடத்துலயே சாஞ்சுருவாரு. தலை கல்லுல அடிக்குமோ, இரும்புல அடிக்குமோ. அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா அது என்னாலதானுங்க.

என்னாலன்னா, என்னால இல்ல. நான் ஒரு தப்பும் பண்ணல. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நீங்க என்ன சோலி பாக்கறீங்க? இருங்க இருங்க, வாயத் தொறக்காதீங்க, நானே சொல்றன். வெள்ளச் சட்டை, பையில ரெண்டு பேனா, கக்கத்துல பை. கூட்டுறவு சங்கத்துல செகரட்டரி. பாத்தீங்களா? நான் ஆளப் பாத்தாப் போதும், சொல்லீருவன். நடையப் பாத்தே சொல்லீருவன்.

எனக்கு கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலைங்க. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். இன்சூரன்ஸ் கவுண்டரு. படுக்கறதுக்கு முன்னால கார்டை நீட்டுவீங்கல்ல, கண்ணாடில ஒரு ஓட்டை இருக்கும், அந்த ஓட்டைக்கு இந்தப்பக்கம் உக்காந்திருக்கறவன். உங்க சமாச்சாரத்தயெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி கம்பெனிக்கு அனுப்பி வெக்கோணும். அவிய சும்மா இருப்பாங்களா? அந்தக் கம்பெனிப் புள்ள போன்ல பேசறதக் கேக்கோணுமே. "தங்கள் பொறுமைக்கு மிக்க நன்றீ சார். தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளதூ சார். தொடர்ந்து இணைப்பில் இருக்கவும் சார்." மூக்குலயே பேசோணும். முடிக்கறப்ப ஒரு இழுப்பு. அப்பறம் டொய்ங் டொய்ங்னு ஒரு பாட்டு.

பாருங்க, சிரிச்சுட்டீங்க. முன் சீட்டு அம்மிணியும் திரும்பிப் பாக்குது.

இது எனக்குக் கூடப் பொறந்ததுங்க. கேட்டாப் போதும், வாயில வந்து உக்காந்துக்கும். எங்க பெரிய டாக்டரு வார்டுக்குள்ள வாரதுக்கு முன்னால ஒரு செருமல் செருமுவாரு. நான் மாடிப்படில நின்னு அதச் செருமுனன்னா நர்ஸுகள்லாம் செல்போன ஒளிச்சுட்டு எந்திரிச்சு நிப்பாங்க. "சென்னியப்பண்ணா, உங்களுக்கு நல்ல சாவே வராது"ம்பாங்க. அப்பறம் அவியளே, "இன்னொருக்கா பண்ணுங்கண்ணா"ம்பாங்க. என்ன பண்றது? கேக்கறாங்க, பண்றன்.

சரி, விசயத்துக்கு வாரன். நோயாளி விவரம் எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு சட்டம் இப்ப இறுகீருச்சுங்க. அதுக்குன்னே பெங்களூர்ல இருந்து ரீனா மேடம்னு ஒருத்தர வரவழைச்சு எங்களுக்கு வகுப்பு வெச்சாங்க. அந்தம்மா தமிழே தனி. "நால் விஷ்யம் வெலியே போக கூடாது. பேர். போன் நம்பர். போட்டோ. அட்ரெஸ். எல்லாரும் ஒன்ஸ் மோர் சொல்லுங்கோ." நாங்களும் ஒண்ணாப்புப் புள்ளைகளாட்டச் சொன்னோம். கடைசில பரீச்சை வேற. ஆரு முதல்? நாந்தானுங்க. சர்ட்டிபிகேட்டு கண்ணாடி போட்டு கவுண்டர்லயே மாட்டியிருக்குது. அந்த நாலுல ஒண்ணக்கூட இந்த வாயி வெளிய விட்டதில்ல. இத மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

அதனால இவரு பேர உங்ககிட்ட சொல்ல மாட்டன். கேக்காதீங்க. சத்தியில ஒருத்தரு. பூ ஏலம் கூவறவரு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது.

தோள்பட்டை எலும்பு உடைஞ்சு வந்தாருங்க. கூட அவரு சம்சாரம். நான் வழக்கம்போலக் கேட்டன், "எப்படீங்க உழுந்தீங்க?"

"வழுக்கி."

"எங்க?"

"ஊட்டுல."

"எதுல வழுக்குச்சு?"

அவரு சம்சாரத்தப் பாக்கறாரு. அந்தம்மா கீழ பாக்குது. அப்பறம் அவரு அந்த ஓட்டைகிட்டக் குனிஞ்சாரு. "தம்பி, ஒண்ணச் சொன்னா கார்டு செல்லாமப் போயிருமா?"

இந்தக் கேள்விய நான் தெனமும் கேக்கறனுங்க. எல்லாருக்கும் இந்தப் பயம்தான். நான் சொன்னன், "அய்யா, மறைச்சாத்தானுங்க செல்லாமப் போகும். நீங்க இந்தப் பாலிசி எடுத்து, விடாமக் கட்டி அஞ்சு வருசம் தாண்டீருச்சு. இனி பழைய வியாதியச் சொல்லலைன்னு கம்பெனிக்காரன் கிளற முடியாது. மோசடி பண்ணுனீங்கன்னு அவந்தான் நிரூபிக்கோணும். சட்டம் உங்க பக்கம் நிக்குது. தைரியமாச் சொல்லுங்க."

"ஆரு ஆரு பாப்பாங்க?"

"டாக்டரு பாப்பாரு, நான் பாப்பன், கம்பெனில ஒரு டாக்டரு பாப்பாரு. அதோட பூட்டு. கம்ப்யூட்டருக்கு என்ன வாயா இருக்குது?"

அப்பத்தான் சொன்னாரு. வலிப்புங்க. வாலிபத்துல இருந்தே இருக்குது. கைகால் வெட்டி இழுக்கறது எப்பவாச்சும்தான். மத்தபடி சின்னதா வரும், போகும். ரெண்டு மூச்சு விடற நேரம் ஆளு அப்படியே நின்னுருவாரு, அப்பறம் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சுருவாரு. ஊட்டுல கட்டுனவளத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. "ஏலம் கூவறவனுக்கு வலிப்புன்னா ஆரு தம்பி மதிப்பாங்க? நாளைக்கே வேற ஆளப் போட்டுருவாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது." இதச் சொல்றப்ப அவரு கொரலு இருக்குதே. அப்படியே காதுல ஏறி உக்காந்துருச்சு. காஞ்ச பனமட்டையத் தரையில இழுத்தாப்பல ஒரு கொரலு. கடைசில மட்டும் மேல ஒரு தூக்கு.

நான் எல்லாத்தயும் முறையா எழுதுனன். அவரோட பழைய வைத்தியமெல்லாம் வேற ஆஸ்பத்திரில இருந்துச்சு. அத எடுக்கறதுக்கு அவரு சம்மதம் வேணும், செல்லுக்கு ஓ.டி.பி. வரும். "வந்த நம்பரச் சொல்லுங்க"ன்னன். அவரு செல்ல மார்போட அணைச்சுக்கிட்டாரு.

"ஆருக்கும் சொல்லாதீங்கன்னு இதுலயே போட்டிருக்குதே தம்பி."

"அது திருடனுக்குங்க. நான் ஆஸ்பத்திரி."

"திருடனும் அப்படித்தானே சொல்லுவான்?"

சம்சாரம் அதட்டுனதுக்கு அப்பறம் சொன்னாரு பாருங்க. பழக்க தோசம், ஏலம் கூவற மாதிரியேதான் வருது. "எட்டேய்... எட்டு... எட்டு. ரெண்டேய்... ரெண்டு... ரெண்டு. அஞ்சேய்..."

நின்னுட்டாரு.

கை இப்படி மேல. கண்ணு என்னத்தான் பாக்குது, ஆனா பாக்கல. எனக்குப் பின்னால ஆரோ நிக்கற மாதிரி. நக்கலடிக்கறாருன்னு நெனச்சன். அவரு சம்சாரம் அவரு முழங்கையப் புடிச்சுது, சும்மா சட்டையச் சரி பண்ற மாதிரி. அப்பறம் அவரு, "...அஞ்சு"ன்னாரு. அந்தத் தூக்கோட. தனக்கு நடந்ததே தெரியாதுங்க அவருக்கு.

கம்பெனில இருந்து ஒப்புதல் வந்துச்சு. நானே மல்லுக்கட்டி வாங்குனன். முதல்ல முடியாதுன்னாங்க. அஞ்சு வருச விதிய எடுத்துப் போட்டன், வழிக்கு வந்தாங்க. போறப்ப என்ற கையப் புடிச்சுட்டு, "உன்ன நம்பித்தான் தம்பி சொன்னன்"னாரு. அதச் சொல்லாமப் போயிருக்கலாமுங்க. எதுக்கு அதச் சொல்றாரு?

அப்பறம் எங்க நர்ஸு பிலோமினா சிஸ்டர் ரிட்டையர் ஆனாங்க. ஆஸ்பத்திரி மாடில பந்தல் போட்டு விருந்து. பிரியாணி. எல்லாரும் இருக்கறாங்க, பெரிய டாக்டர்ல இருந்து கூட்டற அம்மா வரைக்கும். "சென்னியப்பண்ணா, சென்னியப்பண்ணா"ன்னு ஒரே கூச்சல். மைக்க வேற கையில குடுத்துட்டாங்க. பெரிய டாக்டரு செருமலப் பண்ணுனன், அவரே சிரிச்சாரு. கம்பெனிப் புள்ளையப் பண்ணுனன். ரீனா மேடத்தப் பண்ணுனன். இன்னொண்ணு, இன்னொண்ணுங்கறாங்க. மைக்கு கையில இருக்கறப்ப நானா பேசறன்? அதுவா வருதுங்க.

"ஒரு ஏலக்காரர்கிட்ட ஓ.டி.பி. கேட்டா எப்படி இருக்கும்?"

பேரு சொன்னனா? இல்ல. ஊரு சொன்னனா? இல்ல. போட்டோ காட்டுனனா? பொதுவா ஒரு ஏலக்காரரு. "எட்டேய்... எட்டு... எட்டு." சிரிக்கறாங்க. "ரெண்டேய்... ரெண்டு... ரெண்டு." பந்தலே ஆடுது. அங்க நிறுத்தியிருக்கலாமுங்க. "அஞ்சேய்..."

நின்னன்.

கைய மேல வெச்சுட்டு அப்படியே நின்னன். அது எம்புட்டு நேரம் நிக்கோணும்னு எனக்குத் தெரியும். ஒரு மயிரிழை எச்சா நின்னா ஆளுக பயந்துருவாங்க, கம்மியா நின்னா எடுபடாது. அப்பறம், "...அஞ்சு." பந்தலு பிச்சுக்கிச்சுங்க. பிலோமினா சிஸ்டர் கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சாங்க. என்ற ஆயுசுலயே அப்படி ஒரு கைத்தட்டு வாங்குனதில்ல.

நல்லாத்தான் பண்ணுனன். அதச் சொல்லாம இருக்க முடியலீங்க.

எறங்கி வாரன், எங்க ஆஸ்பத்திரி மருந்துக் கடைல வேலை பாக்கற கோகிலவாணி வந்து நிக்குது. அதுக்குச் சத்திப்பக்கம் ஊரு. "அண்ணா, அது எங்கூரு ஏலக்காரர்தானுங்களே? நிறுத்தறதுகூட அச்சா அவராட்டவே இருந்துச்சுங்க!"ங்குது. எனக்குத் தின்ன பிரியாணி நெஞ்சுல நின்னுருச்சு. "ச்சே ச்சே, பொதுவா ஒரு ஆளு அம்மிணி"ன்னன். அது ஒரு மாதிரி சிரிச்சுட்டே போயிருச்சு.

அதோட சரி. வலிப்பு மாத்திரை வாங்க மாசாமாசம் எங்க மருந்துக் கடைக்கு வந்துட்டிருந்தவரு அந்த மாசம் வல்ல. அடுத்த மாசமும் வல்ல. புரியுதுங்களா? இந்தப் புள்ள ஊர்ல போய்ச் சொல்லீருச்சு. அவரு காதுக்குப் போயிருச்சு. மார்க்கெட்டே அவர நக்கலடிச்சிருக்கும். மனுசன் எனக்கு வியாதியே இல்லைன்னு காட்டறதுக்கு மாத்திரையத் தூக்கி எறிஞ்சுட்டாரு. வேற என்ன இருக்க முடியும்?

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? கம்ப்யூட்டர்ல தெரியுமுங்க. மருந்துக் கடைக் கணக்கு, டாக்டரப் பாத்த கணக்கு எல்லாம் ஒரே எடத்துல வரும். தெனமும் காலைல கவுண்டரத் தொறந்ததும் முதல்ல அவரத்தான் பாப்பன். காலி. மத்தியானம் சாப்புட்டு வந்து பாப்பன். காலி. ஆரு எந்த நோயாளியத் தொறந்து பாத்தாலும் பாத்தவன் பேரு பதியுமுங்க, அதுக்கும் சட்டம் இருக்குது. அதனால நான் பிலோமினா சிஸ்டர் பாஸ்வேர்டப் போட்டு அவங்க பேர்ல பாப்பன். அவங்கதான் ரிட்டையர் ஆயிட்டாங்களே. அது தப்பில்லீங்க. ஒருத்தரு நல்லா இருக்கறாரான்னு அக்கறையாப் பாக்கறது தப்பா? பெத்த அப்பனக்கூட நான் தெனமும் இப்படி விசாரிச்சதில்ல.

சோறு எறங்கலீங்க. கவுண்டர்ல ஆரு வந்து "அஞ்சு"ன்னு சொன்னாலும் திடுக்குங்குது. கொழந்தைக்கு என்ன வயசும்மான்னு கேட்டா, "அஞ்சு"ங்கறாங்க. ஊட்டுல எங்கூட்டுக்காரி, "ஏன் ஒரு மாசமா ஆரு மாதிரியும் பேச மாட்டீங்கறீங்க, ஒடம்பு சரியில்லியா?"ங்கறா. அதுதான் இன்னைக்கு லீவு போட்டுட்டு, அவரு மருந்துச் சீட்ட கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்து, நானே கடைல வாங்கிட்டு வந்துட்டன். வேற கடைலதான். நேராப் போயி கையில குடுத்து, "அய்யா, இத முழுங்குங்க, என்னத் திட்டோணும்னா திட்டுங்க"ன்னு சொல்லிட்டு வந்துரோணும். அவரு அடிச்சாலும் வாங்கிக்கறன்.

புளியம்பட்டி தாண்டியாச்சா? பேசிட்டே இருந்துட்டன். நீங்க ஒண்ணுமே பேசலியே.

என்னங்க? இல்ல, கேக்குது, பஸ்ஸு சத்தம்... அவரு சத்தி கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கா போறாரு? மாசமானா வெள்ளிக்கெழமை ஒரு நாளு போறாரா? மாத்திரைதான் வாங்கறாருங்களா, நல்லாத் தெரியுமா? சக்கரைக்குன்னு சொன்னாரா? அட கெரகமே, சக்கரைக்கு இல்லீங்க, இதுக்குத்தான்! அங்க காசில்லாமக் குடுப்பாங்க. எங்க ஆஸ்பத்திரில மாத்திரைக்கெல்லாம் கார்டு செல்லாது, கைக்காசு போட்டு வாங்கோணும். அதுதான் மனுசன் அங்க போயிட்டாரு! அப்ப மாத்திரைய விடல! சாமீ! ரெண்டு மாசமா என்ற உசுரத் தின்னுட்டு இருந்துச்சுங்க. கைய நீட்டுங்க, கைய நீட்டுங்க. உங்க வாயிக்குச் சக்கரை போடோணும்.

அப்ப கோகிலவாணி ஒண்ணும் சொல்லல. பாவம், அதப் போயி...

இருங்க.

அவரு வெள்ளிக்கெழமை எங்க போறாருன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

பூமாலைக் கடையா? நீங்களா? கூட்டுறவு சங்கம் இல்லீங்களா? நீங்க சொல்லவே இல்லியே. ஆமா, நாந்தான் சொல்ல உடல. ஏலத்துக்குத் தெனமும் வாரீங்களா? பதினஞ்சு வருசமாவா? அப்ப அவரு கூவி நீங்க எடுக்கறது...

அப்பறம் அந்த நிறுத்தறது? அத இத்தன நாளா நீங்கள்லாம் என்னன்னு நெனச்சீங்க?

என்னது?

வெலைய ஏத்தறதுக்கா? வேணும்னே நிறுத்தறாருன்னா? அவரு கைய மேல வெச்சுட்டு நின்னாருன்னா, ஆரோ மேல கேட்டுட்டான் போலிருக்குதுன்னு நீங்களே ஏத்திக் கேட்டுருவீங்க. அதனாலதான் வெவசாயிக அவரு கூவற வரிசைலதான் பூவக் கொண்டாந்து கொட்டுவாங்களா? மத்த ஏலக்காரருக அந்த நிறுத்தறதப் பழகிப் பாத்தாங்களா? ஒருத்தனுக்கும் வல்லியா?

எனக்கு வந்துச்சுங்க. எனக்கு மட்டும்தான்...

அய்யா. நான் சொன்னத நீங்க கேக்கலைன்னு வெச்சுக்கங்க. பஸ்ஸுல ஆரோ ஒரு கிறுக்கன் உளறுனான். நான் சொன்னது வேற ஆளு. வேற ஊரு. தேங்கா ஏலம் கூவறவரு. நீங்க ஏங்க இப்படி என்னப் பாக்கறீங்க? சரி, அவருதான். அவரேதான். நான் பேரே சொல்லலியே சாமி, உங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சு? "எட்டேய்"ன்னப்பவேவா? அப்பவே என்ற வாயப் பொத்தியிருக்கலாமே! பக்கத்துல உக்காந்து அவ்வளவையும் கேட்டுட்டு...

எறங்கறீங்களா? நானும் இங்கதான். இருங்க, நானும் வாரன். மெதுவாப் போங்க, உங்க கூடவே வாரன்.

இங்க பாருங்க, நான் கெஞ்சிக் கேக்கறன். நீங்க ஆருகிட்டயும் சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும். மொகத்தப் பாத்தாலே தெரியுது. என்ன, ஒருத்தர்கிட்ட மட்டுமா? ஆரு, கடைல உங்க மச்சானா? அவருகிட்டயும் வேண்டாமுங்க. நம்ம மச்சான்தானேன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கறது. நான் ஆரம்பிச்சது பாருங்க, பக்கத்துச் சீட்டுதானேன்னு. சிரிக்காதீங்க. இப்ப நான் சிரிக்க வெக்கறதுக்காகச் சொல்லலீங்க.

இதுதானா மார்க்கெட்டு? எம்புட்டுப் பூவு. இந்தப்பக்கமா? தள்ளீட்டுப் போறாங்களே. அதோ, கொரலு. அவருதான். "முல்லேய்... முல்லை... முல்லை." நான் பண்ணுனத விடக் கொஞ்சம் கீழ இருக்குதுங்க கொரலு. தோளு ஆறீருச்சு போல, கைய நல்லாத் தூக்கறாரு.

வேண்டாம், நான் போய்ப் பாக்கல. என்னன்னு போய் நிப்பன்? இந்த மாத்திரைய எதுக்குக் குடுப்பன்? என்ன இங்க பாத்தாலே அவருக்குத் தெரிஞ்சுரும். நான் இந்தத் தூணுக்குப் பின்னாலயே நின்னுக்கறன். நீங்க போங்க. உங்க எடத்துல போய் நில்லுங்க. தெனமும் நிக்கற மாதிரி நில்லுங்க. முந்நூத்தி எழுவதா? ஆருது அது, நீங்க கேட்டதா? அவரு கூவறாரு, "முந்நூத்தி எம்பதேய்..."

நின்னுட்டாரு.

ஏனுங்க. இது அதுவா, வேணும்னே நிறுத்தறாரா? எனக்கே தெரியலீங்களே. எல்லாரும் வாயத் தொறந்துட்டு அவரு கையப் பாக்கறாங்க. நீங்க மட்டும் அவரு மொகத்தப் பாக்கறீங்க. அப்படிப் பாக்காதீங்க, சாமி. பாவப்பட்டுப் பாக்காதீங்க. பூவப் பாருங்க. பூவப் பாத்துட்டு, எப்பவும் கேக்கற மாதிரி, ஒரு பத்து ரூவா ஏத்திக் கேளுங்க.

கேளுங்க.